இமானிக்கு ஆறு முடிந்தது

நாலு பர்னரும் பற்றிக்கொண்டன. லாட்ரீஸுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

வீட்டைச் சோதிக்க வந்திருந்த பெட்டிஃபோர்ட் அம்மாளின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அடுப்பை அணைத்தார். கையிலிருந்த டேப்லெட்டில் எதையோ தட்டினார். அடுத்த அறைக்கு நடந்தார்.

வீட்டுக்காரர் ப்ரூயிட், கல்யாண வீட்டுக்காரர் மாதிரி சிரித்துக்கொண்டே பின்னால் போனார்.

சிரிப்பெல்லாம் வந்தவருக்குத்தான். லாட்ரீஸிடம் காலையிலேயே கறாராகச் சொல்லிவிட்டார். இந்த வீடு இருக்கிறபடிதான் இருக்கும், ஃபெயில் ஆனால் அதற்காக ஒரு ஆணிகூட அடிக்க மாட்டார், வவுச்சர் இல்லாத ஆளுக்குக் கொடுத்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்.

வவுச்சர் இருந்தால் வாடகையில் பெரும்பங்கை அரசாங்கம் கட்டிவிடும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அந்தப் பேச்சை எடுத்ததும் கிளீவ்லாண்டில் பாதிக் கதவுகள் சாத்திக்கொள்ளும். திறக்கிற வீட்டையும் இப்படி ஒருவர் வந்து பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும். அதற்குள் வவுச்சருக்கே ஆயுசு முடிந்துவிடும்.

லாட்ரீஸின் வவுச்சருக்கு வெள்ளிக்கிழமையோடு முடிகிறது.

படுக்கையறை. பெட்டிஃபோர்ட் அம்மாள் ஜன்னலை மேலே தள்ளினார். கிறீச்சென்று ஏறியது. சட்டத்திலிருந்து வெள்ளை வெள்ளையாகப் பொருக்கு உதிர்ந்து விளிம்பில் விழுந்தது.

அவர் அதில் ஒன்றை விரலால் எடுத்துப் பார்த்தார்.

ப்ரூயிட்டின் சிரிப்பு நின்றது.

லாட்ரீஸ் மட்டும் பதறவில்லை. அவளுக்கு இது தெரியும். பழைய வீட்டு பெயிண்டில் ஈயம் இருக்கும். தவழுகிற பிள்ளை அதைத் தொட்ட கையை வாயில் வைத்தால் போதும், மூளைக்குப் போய்விடும். அதனால் ஆறு வயசுக்குள் பிள்ளை இருக்கிற குடும்பத்துக்கு, உரிந்த பெயிண்டோடு வீட்டைக் கொடுக்க விடமாட்டார்கள். போன மாதம் பார்த்த வீடு இதில்தான் போனது. மகள் இமானிக்கு ஐந்து வயசு என்று அவள் சொல்லி வாய் மூடவில்லை, ஃபெயில்.

பட்ட பிறகு புத்தி வராமல் போகுமா? இந்த வீட்டுக்கு முதலில் குறித்த தேதியில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. அடுத்த தேதியில் கார் நின்றுபோனது. காய்ச்சலும் பொய், காரும் பொய். அக்கா ஷாண்டாவுக்குத்தான் பொறுக்கவில்லை.

“வீடு கிடைக்கிற நேரத்துல இழுத்துப் போத்திப் படுத்துக்கிறியே, என் சோபா மேல அவ்வளவு பாசமாடி உனக்கு?”

ஞாயிற்றுக்கிழமை அதே சோபாவில் உட்கார்ந்து இமானி மெழுகுவத்தியை ஊதினாள். ஆறு முடிந்தது. இன்று செவ்வாய்.

இமானி கண்டதை வாயில் வைக்கிற வயசைத் தாண்டியாயிற்று. கட்டிலை எதிர்ச் சுவர்ப் பக்கம் போட்டுக்கொள்ளலாம், ஜன்னல் விளிம்பைத் தினமும் ஈரத்துணியால் துடைத்துவிடலாம். எல்லாம் யோசித்து வைத்திருந்தாள்.

“உங்ககூட ஆறு வயசுக்குள்ள பிள்ளைங்க யாராவது இருக்காங்களாம்மா?”

“ஒரே பொண்ணுங்க. ஞாயித்துக்கிழமைதான் ஆறு முடிஞ்சுது.” கொஞ்சம் அவசரமாகவே சொல்லிவிட்டாள்.

பெட்டிஃபோர்ட் அம்மாள் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். முதல் தடவையாகச் சிரித்தார். “அப்படியா! கேக் நல்லா இருந்துச்சா?”

“பாதியை எங்கக்காவே தின்னுட்டா.”

ப்ரூயிட் தேவைக்கு மேல் சத்தமாகச் சிரித்தார்.

அம்மாள் டேப்லெட்டில் தட்டினார். பிறகு தலையை நிமிர்த்தாமலே, அன்றாடம் கேட்டுக் கேட்டு மனப்பாடமான குரலில் மிச்சத்தைக் கேட்டார்.

“இனிமே வரப்போறவங்க யாராவது?”

கேள்விக்கு இப்படி ஒரு வால் இருப்பது லாட்ரீஸுக்குத் தெரியாது. போன வீட்டில் ஐந்து வயசு என்றதுமே பேச்சு முடிந்துவிட்டது, இந்தக் கேள்வி வரைக்கும் போகவே இல்லை.

ப்ரூயிட் சட்டைப்பைக்குள் சாவியை உருட்டிக்கொண்டிருந்தார்.

“இல்லை” என்றாள் லாட்ரீஸ்.

“அப்ப சரி” என்றார் அம்மாள். வீடு பாஸ்.

அதற்குப் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. அம்மாள் கிளம்பிப் போனார். ப்ரூயிட் சாவியை அவள் கையில் வைத்து, நல்லா இரும்மா என்று வாயாரச் சொல்லிவிட்டுப் போனார். நல்ல மனுஷர்தான், காசு செலவாகாத வரைக்கும்.

லாட்ரீஸ் அக்காவைக் கூப்பிட்டாள். ஷாண்டா போனில் போட்ட கூச்சலில் காதே அடைத்தது. பள்ளிக்கூடம் விட்டதும் இமானியை நேராக இங்கேயே கூட்டிவருவதாகச் சொன்னாள். பிள்ளை அறை அறையாக ஓடிப் பார்க்கட்டும் என்றாள்.

போனை வைத்ததும் வீடு அமைதியாகிவிட்டது.

ஜன்னலுக்குக் கீழே வெறுந்தரையில் உட்கார்ந்தாள். சந்தோஷமாகத்தான் இருந்தது. அழுகையும் வந்தது. அக்காவிடம்கூட இன்னும் சொல்லாத, வெளியே தெரியாத வயிற்றின் மேல் கையை வைத்தாள்.

“கோவிச்சுக்காதே கண்ணு. உன்னைத்தான் இல்லைன்னு சொல்லிட்டேன்.”