மிகச் சிறிய வெட்டு

"குறுக்கே வெட்டணும் மாமா. அப்பத்தான் வெட்டுவாய் சின்னதா இருக்கும், பசையும் குறையும்" என்றாள் பிந்துஜா.

மாமனார் ஞானையன் எரிச்சலோடு வெட்டுகத்தியைக் கீழே வைத்தார். இரண்டு வீட்டுக்கும் எல்லையில் நிற்கும் பலாவின் பழம், ஊர்ப்பேச்சில் சக்கை, சாக்கின்மேல் கிடந்தது. அதற்கு அந்தப்புறம், கையில் சருவப் பாத்திரத்தோடு அவருடைய தம்பி சுவாமிதாஸ். அண்ணனும் தம்பியும் பேசி வருஷக்கணக்காகிறது. பழத்தைப் பாதியாகப் பங்கு வைக்க மட்டும்தான் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்ப்பார்கள். அதுவும் இன்றோடு சரி. நாளைக்கு மரத்தை முறித்து மதில் கட்டப் போகிறார்கள்.

பிந்துஜாவின் கணவன் சுதீஷுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வாசலுக்கும் மரத்துக்குமாக நடந்தான். சித்தப்பா பங்கை வாங்கிக்கொண்டு போய்விட்டால் உறவே அற்றுப்போகும். இந்த நேரத்தில் இவளுக்கு என்ன கணக்கு வேண்டிக் கிடக்கிறது?

கணக்கில்தான் பிந்துஜாவுக்கு ஆராய்ச்சியே. எங்கும் குழியில்லாமல் உப்பியிருக்கும் ஒரு பொருளைச் சரிபாதியாக்க மிகச் சிறிய வெட்டு எது என்பதுதான் அவள் விஷயம். கயிறு கொண்டுவந்து பழத்தைச் சுற்றிச் சுற்றி அளந்தாள். காம்புப் பக்கச் சுளையும் அடிப்பக்கச் சுளையும் ஒரே ருசியா என்று ஞானையன் மரத்தைப் பார்த்துக் கேட்டார். சுவாமிதாஸ் வானத்தைப் பார்த்து இல்லையென்று தலையாட்டினார். பிந்துஜா அதைக் காதில் வாங்கவே இல்லை. கத்தியை எடுத்துப் பழத்தின் நடுவே குறுக்காக வைத்துவிட்டாள்.

சுவாமிதாஸுக்குப் பொறுக்கவில்லை.

"அண்ணே, அந்தக் கத்தியை வாங்கு. இந்தப் பிள்ளை நல்ல சக்கையை நாசமாக்கிப் போடும்."

ஞானையன் கத்தியைப் பிடுங்கிக்கொண்டார். "நீ அந்தப் பக்கம் பிடிலே" என்றார்.

நீளவாக்கில் பிளந்தார்கள். கையெல்லாம் பசை. தேங்காயெண்ணெய் தேய்த்துக்கொண்டே இரண்டு பேரும் மாறி மாறிப் பிந்துஜாவின் படிப்பை ஏசினார்கள். அப்புறம் சிரிப்பு வந்துவிட்டது. மரம் முறிக்கிறவர் நாளைக்கு வரவேண்டாம் என்று சுவாமிதாஸே போனில் சொன்னார்.

சுதீஷ் அடுக்களைக்குள் போய் மனைவியைத் தேற்றினான்.

"அவங்க ஏசினதை மனசுல வைக்காதே. உனக்குச் சக்கை வெட்டிப் பழக்கமில்லை, அவ்வளவுதான்."

"எங்க காஞ்சிரங்குளத்து வீட்டுல எப்பவும் சக்கை வெட்டுதது நான் ஆக்கும், அதுவும் நீளவாக்குலதான்" என்றாள் பிந்துஜா. "ரெண்டு பேரும் ஒண்ணாச் சேர்ந்து ஏச ஒரு ஆள் வேணும்லா?"