சுவருக்குள் சுவர்

“வீட்டுக்குள்ள தியேட்டர் கட்டுதானாம், கேட்டியா கிரேசி!”

காபியைக்கூடத் தொடாமல் பொரிந்துகொண்டிருந்தார் ஜேசுபாதம். நாசரேத்தில் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்று, தூத்துக்குடியில் வீடு வாங்கிக் குடிவந்தவர். பள்ளிக்கூடத்தை விட்டு வந்தாலும் அதட்டலை விட்டு வரவில்லை.

“யாரு, பக்கத்து வீட்டு வேலுவா?”

“அவனேதான். அதுவும் நம்ம ஹாலை ஒட்டின ரூம்ல. முன்னால ஸ்பீக்கர், பின்னால ஸ்பீக்கர், உச்சந்தலைக்கு மேலயும் ஸ்பீக்கராம். ஹார்பர்ல கிரேன் ஓட்டுதவனுக்கு எதுக்கு இந்தப் பகட்டு?”

“அவன் சம்பாதிக்கான், அவன் கட்டுதான். உங்களுக்கு என்னங்க?”

“எனக்கு என்னவா? நம்ம ஜெபம் என்னாகும்?”

அங்கேதான் அவருக்கு வலித்தது. மகள் ஷெர்லி துபாயில், மகன் பெவின் கனடாவில். தினமும் பொழுது சாய்ந்ததும் இருவரும் செல்போனில் வந்துவிடுவார்கள். ஜேசுபாதம் ஆர்மோனியம் வாசித்துக்கொண்டே பாடுவார், கிரேசி வேதம் வாசிப்பாள். குடும்பம் மொத்தமும் சேர்ந்து உட்காரும் நேரம் அது ஒன்றுதான். பிள்ளைகளுக்குத் தெளிவாகக் கேட்க வேண்டும் என்று மைக்கும் ஸ்பீக்கர் பெட்டியும் வேறு வாங்கி வைத்திருந்தார். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டில் சினிமாக் குண்டு வெடித்தால்? பிள்ளைகள் ‘நாளைக்குப் பேசலாம்ப்பா’ என்று போய்விட்டால்?

சட்டையை மாட்டிக்கொண்டு நேராகப் பக்கத்து வீட்டுக்கு நடந்தார்.

வேலு என்கிற செந்தூர்வேல் தலையெல்லாம் மரத்தூளாக வெளியே வந்தான்.

“வாங்க சார். உள்ள ஒரே தூசி, வெளியவே நிக்க வச்சிட்டேன், தப்பா நினைக்காதிய.”

“நான் நிக்க வரல வேலு. இங்க போடுத சத்தம் என் வீட்டுப் பக்கம் ஒரு பொட்டு வரக் கூடாது. சொல்லிட்டேன்.”

“வராது சார்.”

“வாயால சொன்னா ஆச்சா? என்ன செஞ்சிருக்க?”

“உங்க பக்கத்துச் சுவரை ஒட்டி இன்னொரு சுவரு எழுப்பியாச்சு சார். நடுவுல இடைவெளி விட்டு, சத்தத்தை உறிஞ்சுத ராக்வூல் பஞ்சை அடைச்சு, மேல ரெண்டு அடுக்கு போர்டு.”

“கதவு?”

“கனமான கதவுதான். சந்துல காத்துகூடப் போகாது.”

சண்டை போடத் தயாராக வந்தவருக்குச் சண்டையே கிடைக்கவில்லை. “ம்… அந்த பயம் இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டுத் திரும்பினார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சர்ச் வாசலில் இதுதான் பேச்சு. “நான் போட்ட போடுல, சுவருக்குள்ள சுவரே கட்டிட்டான்!” கேட்டவர்களெல்லாம் ‘சாருன்னா சாருதான்’ என்றார்கள். கிரேசி மட்டும் தலையில் அடித்துக்கொள்ளாத குறையாக நின்றாள்.

வேலை முடிந்தது. செந்தூர்வேலின் மனைவி செல்வராணி ஒரு டப்பா நிறைய மக்ரூனோடு வந்து கூப்பிட்டாள்.

“முதமுதல்ல நீங்க ரெண்டு பேரும்தான் வந்து கேக்கணும்னு அவுக சொல்லுதாக சார்.”

மக்ரூனை வாங்கிக்கொண்ட பிறகு வரமாட்டேன் என்று எப்படிச் சொல்வது? இருவரும் போனார்கள்.

ஜேசுபாதத்தை நடு நாற்காலியில் உட்கார வைத்துக் கதவைச் சாத்தினான் செந்தூர்வேல். தெருவும் ஆட்டோ சத்தமும் எங்கேயோ போய்விட்டன. முதலில் ஒன்றுமே இல்லை. பிறகு வலப்பக்கம் ஒரு குருவி. முதுகுக்குப் பின்னால் ஓலை சலசலத்தது. உச்சியில் சடசடவென்று மழை இறங்க, கிரேசி சேலைத் தலைப்பை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். போட்ட பிறகுதான் தான் செய்தது தெரிந்து வெட்கத்தோடு சிரித்தாள். ஜேசுபாதமும் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். அடடா, என்ன சுகம்! பகட்டு என்று திட்டியது அவருக்கே மறந்து போனது.

“இன்னும் கொஞ்சம் கூட வையேன் வேலு.”

“வேண்டாம் சார், நான் எப்பவும் இவ்வளவுதான் வைப்பேன். ஹார்பர்ல கேக்க இரைச்சலே போதும். வீட்டுக்கு வந்தா மெதுவாக் கேக்கத்தான் இது. இருங்க, காபி கொண்டாரேன்.”

அவன் வெளியே போனதும் ஜேசுபாதம் தன் வீட்டுப் பக்கத்துச் சுவரைப் பெருமையோடு தட்டிப் பார்த்துவிட்டு, அங்கே நின்ற செல்வராணியிடம் கேட்டார்.

“இவ்வளவு மெதுவாக் கேக்கவனுக்கு எதுக்கும்மா இவ்வளவு கனத்துல சுவரு? நான் போட்ட சத்தத்துல ரொம்பத்தான் பயந்துட்டானோ?”

“ஐயோ, அன்னைக்கு நீங்க சத்தம் போட வாரதுக்கு முன்னயே கட்டியாச்சே சார்!” செல்வராணி வெள்ளந்தியாகச் சிரித்தாள். “இங்கன உள்ள சத்தம் வெளிய போகக் கூடாதுன்னு கட்டல. சாயங்காலம் நீங்க மைக்ல பாடுதது இந்த ரூமுக்குள்ள வந்து அப்படியே முழங்கும். கொஞ்சம் குறைச்சுக்கிடச் சொல்லுங்கன்னு நான்தான் அவுகள்ட்ட சொன்னேன்.”

ஜேசுபாதத்தின் கை சுவரிலேயே நின்றுவிட்டது.

“அதுக்கு… அவன் என்ன சொன்னான்?”

“‘தூரத்துல கிடக்க பிள்ளையளுக்குக் கேக்கணும்னு பெரியவரு பாடுதாரு, அவரு வாயை அடைக்கதுக்கு நம்ம சுவத்தை அடைச்சுக்கிடுவோம்’னுட்டாக.”