அது இன்னைக்குப் பறக்காது

“அக்கா, கண்ணை எடுக்காத! அந்தக் கோணல் மரம், உச்சிக்குக் கீழ ரெண்டாவது கிளை. அங்கயே பாரு.”

“எங்கடி மரம்? வெறும் பனிதான் தெரியுது” என்றாள் லோர்னா, டெலஸ்கோப்பில் கண்ணை ஒட்டியபடி.

ஸ்காஜிட் ஆற்றின் அக்கரை முழுவதும் மூடுபனிக்குள் இருந்தது. தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

“பனி விலகும். விலகினதும் தெரியும்” என்றாள் ஐரிஸ்.

“நேத்தும் இதையேதான் சொன்ன. பனி விலகுச்சு, காக்கா தெரிஞ்சுது.”

லோர்னாவும் அவள் கணவர் ஹார்லனும் ஒவ்வொரு குளிர்காலமும் ஐரிஸ் வீட்டுக்கு வந்து கழுகு பார்ப்பதாகத்தான் இருந்தார்கள். ஒவ்வொரு முறையும் அது அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப்போனது. போன கோடையில் ஹார்லன் இறந்துபோனார். அவருக்கும் சேர்த்து ஒரே ஒரு வெண்தலைக் கழுகையாவது பார்த்துவிட வேண்டும் என்று அரிசோனாவிலிருந்து தனியாக வந்திருந்தாள்.

வந்த நேரம் சரியில்லை. முட்டையிட்டுச் செத்து ஒதுங்கிய சால்மன் மீன்களையெல்லாம் வெள்ளம் வாரிக்கொண்டு போயிருந்தது. மீன் இல்லாத ஆற்றில் கழுகுக்கு என்ன வேலை? தினமும் வந்து வெறும் மரங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். இன்று மதியம் அவளுக்கு விமானம்.

“கிடைக்கலைன்னா அடுத்த வருஷம்…” என்று ஆரம்பித்தாள் ஐரிஸ்.

“அந்த வார்த்தையைச் சொல்லாத. எனக்கு அதைக் கேட்டாலே பத்திக்கிட்டு வருது.”

அப்போது காற்று வீசியது. பனி கிழிந்து ஆற்றின் மேல் நகர்ந்தது. கோணல் மரம் முதலில் அடியில் தெரிந்தது, பிறகு நடுவில், பிறகு உச்சியில். இலையில்லாத கிளையில் கரிய உடம்பும், மேலே சுண்ணாம்பு பூசியது போல் ஒரு வெள்ளைத் தலையும்.

“அப்பாடா!” என்றாள் ஐரிஸ்.

லோர்னா தங்கையின் கோட்டைப் பிடித்து உலுக்கினாள்.

“ஐரிஸ்! இருக்குடி! எவ்ளோ பெரிசு! எப்படிடி அவ்ளோ கரெக்டாச் சொன்ன?”

“வழக்கமா உக்காருற மரம்தானே” என்று பிளாஸ்கைத் திறந்து காபி ஊற்றினாள் ஐரிஸ். பாதி கோப்பைக்கு வெளியே சிந்தியது.

“வந்து பாருடி!”

“நான் வருஷா வருஷம் பாக்கறதுதானே. நீ ஆசை தீரப் பாரு.”

“தலையைத் திருப்புச்சு! மஞ்சள் மூக்கு, கொக்கி மாதிரி!”

“ம்ம். திருப்பியிருக்கும்.”

“கண்ணைச் சிமிட்டுது ஐரிஸ்!”

“சரிக்கா, சரி” என்றாள் ஐரிஸ், குழந்தைக்குச் சொல்வது போல.

லோர்னா குரலைத் தாழ்த்தினாள். “ஹார்லன், பாத்தீங்களா? நான் சொன்னேன்ல, வருவோம்னு.”

ஐரிஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டு பிளாஸ்க் மூடியை இறுக்கினாள். ஏற்கெனவே இறுகியிருந்த மூடி.

பின்னால் கூழாங்கற்கள் நொறுங்கின. முழங்கை நீள லென்ஸ் மாட்டிய கேமராவைத் தோளில் சுமந்து ஓர் ஆள் ஓடிவந்தார்.

“கழுகா? எங்க, எங்க?” மூன்றுகால் தாங்கியை விரித்தார். ஐரிஸ் நகர்ந்துபோய் சரியாக லென்ஸுக்கு முன்னால் நின்றாள்.

“கொஞ்சம் தள்ளுங்க மேடம். அது பறக்கும்போது எடுக்கணும்.”

“அது இன்னைக்குப் பறக்காது.”

“உங்ககிட்ட சொல்லிச்சா?”

“வயிறு முட்டத் தின்னுட்டா அப்படித்தான். நாள் பூரா ஆணி அடிச்ச மாதிரி உக்காந்திருக்கும். நீங்க நேரத்தை வீணாக்காதீங்க. ஆத்தோட கீழ வளைவுக்குப் போங்க, அங்க நிறைய இருக்கு.”

“தின்ன இங்க மீனே இல்லையே?”

“வேற எங்கயாவது தின்னுட்டு வந்திருக்கும்! எனக்கென்ன தெரியும்?”

அவர் அக்கரையை அளந்து பார்த்தார். “அப்ப பாலம் வழியாப் போய் மரத்தடியிலிருந்தே எடுத்துடறேன்.”

“ஐயோ!” ஐரிஸ் அவர் கையைப் பிடித்துவிட்டாள். “அந்தப் பக்கம் போகவே கூடாது. கழுகைத் தொந்தரவு பண்ணினா அபராதம். பிடிச்சு உள்ள போட்டாலும் போட்டுடுவாங்க.”

“ஏய், அந்த மனுஷனை ஏன்டி விரட்டற?” என்றாள் லோர்னா, கண்ணை எடுக்காமலே.

அவர் முணுமுணுத்துக்கொண்டே கீழ வளைவுப் பக்கம் நடந்தார். அங்கே ஒரு கழுகும் கிடையாது என்பது ஐரிஸுக்குத் தெரியும்.

“அக்கா, போதும். விமானத்துக்கு நேரமாச்சு.”

“இன்னும் கொஞ்ச நேரம்டி. ஒரு இறக்கையை விரிச்சுக் கோதுது பாரு! என் ஜென்மத்துக்கும் இது போதும்.” லோர்னா அழுதுகொண்டே சிரித்தாள். “உன் வீட்டுக்காரர் எங்க? அவரையும் கூப்பிடு. இவ்ளோ அழகை விட்டுட்டு எங்க போனார்?”

“வண்டியில ஏதோ கோளாறு. வந்துடுவார்.”

சொல்லி வாய் மூடுவதற்குள் மேட்டிலிருந்து விர்ஜில் இறங்கி வந்தார். முழங்கால் வரை சேறு. கன்னத்தில் ஒரு சிராய்ப்பு. லோர்னாவின் காதில் விழாத தூரத்துக்கு மனைவியை இழுத்துப் போனார்.

“கோவிச்சுக்காத ஐரிஸ். இருட்டுல இருந்து முட்டி மோதிப் பாத்துட்டேன். மரம் பூரா ஐஸ், ஏணி நிக்கவே மாட்டேங்குது. நம்ம கடை வாசல்ல இருக்கற மரக்கழுகுப் பொம்மையை அந்தக் கிளையில ஏத்த முடியல. வண்டியிலேயேதான் கிடக்கு.”

ஐரிஸ் ஒரு கணம் அவரைப் பார்த்தாள், அக்கரையைப் பார்த்தாள். கோப்பையைக் கீழே போட்டுவிட்டு ஓடினாள்.

“தள்ளு அக்கா, தள்ளு! நான் இன்னும் பாக்கவே இல்ல!”