பெருவிரல் பட்ட இடம்

இலுப்பூர் வீட்டு முற்றத்தில், கவிழ்த்த அண்டாவின் மேல் பழைய மோட்டார் சைக்கிளின் எஞ்சின் வெயில் காய்கிறது. துபாயிலிருந்து நேற்று வந்த உதயசூரியன் வைத்த கண் வாங்காமல் அதைப் பார்த்து நிற்கிறான். "இரும்புக் கடையில போட்டுரு" என்று போனில் சொன்னவன் அவன்தான். மனைவி செல்வராணியோ அதைப் பிரித்து, மண்ணெண்ணெயில் கழுவி, புது பிஸ்டன் போட்டுப் பூட்டியிருக்கிறாள். இப்போது காலி நெயில் பாலிஷ் பாட்டிலின் குட்டி பிரஷ்ஷால், விரல் நுழையாத இடுக்குகளில் சில்வர் பெயின்ட்டை மூச்சடக்கித் தீட்டுகிறாள். புதுக் குடம்போல எஞ்சின் மின்னுகிறது. ஆசை தாங்காமல் தொட்டுவிடுகிறான். ஈரப் பெயின்ட்டில் பெருவிரல் ரேகை அப்படியே பதிகிறது. "அடடா, கெடுத்துட்டேனே!" அழிக்கப்போனவனின் கையைத் தடுக்கிறாள் அவள். "கெடக்கட்டும்ங்க. நீங்களும் ஒரு கை வச்ச மாதிரி இருக்கட்டும்."