சிலிண்டர் வந்த வீடு

"சாமி விளக்கையே அணைச்சிட்டாளா! என்ன நெஞ்சழுத்தம் பாரு!"

பீடோரில் பஸ் ஏறியதிலிருந்து சிம்பாங் பூலாயில் இறங்கும்வரை நவமணிக்கு வாய் ஓயவில்லை. பக்கத்தில் அம்மா செல்லாயி மூக்கைச் சிந்திக்கொண்டே வந்தார்.

விஷயம் இதுதான். தோட்டத்தில் ரப்பர் ஷீட்டுக்குப் புகை போட்டுப் போட்டு வீணாய்ப்போன நெஞ்சு, அப்பா ராமையாவுக்கு. நேற்றுதான் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தார், கூடவே ஓர் ஆக்சிஜன் சிலிண்டரும். கட்டிலுக்கு நேர் மேலே சாமி மாடம். சிலிண்டரைத் திறக்கும் முன்பே மருமகள் ஹில்டா விளக்கை அணைத்துவிட்டாள். அவள் சர்ச்சுக்குப் போகிற பெண். அது போதாதா? செல்லாயி கோபித்துக்கொண்டு அப்போதே மகள் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்.

இப்போது உள்ளே நுழைந்தால் மாடமே காலி.

"சாமி எங்கடி?"

"பின்னால இருக்கு அண்ணி..."

"பின்னால குப்பைத் தொட்டியிலயா?"

"ஐயோ, இல்லண்ணி. இந்த சிலிண்டர் காத்து இருக்குல்ல..."

"காத்து எரியுமாடி? யாருகிட்ட கதை விடுற?"

"அது எரியாது அண்ணி. எரியிறத சும்மா விடாது."

நவமணி காதில் வாங்கினால்தானே! வாசலுக்குப் போய் ஊதுபத்தியைக் கொளுத்திக்கொண்டு வந்தாள். "முருகா, எங்கப்பாவக் காப்பாத்து" என்று அப்பா முகத்துக்கு நேரே சுற்றினாள்.

மூக்குக் குழாயை நெருங்கியதுதான் தாமதம். வெறுமனே கனன்றுகொண்டிருந்த பத்தி குப்பென்று தீப்பிடித்துச் சீறியது.

ஹில்டா பாய்ந்து அதைப் பிடுங்கி வாசலுக்கு வெளியே வீசினாள். ஓடிவந்து சிலிண்டரை மூடினாள். மாமனாரின் முகத்தைத் தடவித் தடவிப் பார்த்தாள்.

"மாமா, சுட்டுச்சா?"

"மீசைகூட கருகல" என்றார் ராமையா, மூச்சு வாங்கச் சிரித்தபடி.

அப்பாடா! செல்லாயி அப்படியே கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். போன உயிர் திரும்பி வந்தது போலிருந்தது.

நவமணி முகம் கழுவலாமென்று அம்மாவையும் கூட்டிக்கொண்டு பின்கட்டுக் குழாயடிக்குப் போனாள்.

அங்கே சைக்கிள் கொட்டகையைக் கூட்டிக் கழுவி, பலகை போட்டிருந்தது. அதில் சாமி படங்கள் வரிசையாய் நின்றன. செம்பருத்திப் பூ. நடுவில் செல்லாயியின் விளக்கு நிதானமாய் எரிந்துகொண்டிருந்தது.

பின்னாலேயே துண்டோடு வந்து நின்ற ஹில்டாவைச் செல்லாயி திரும்பிப் பார்த்தார்.

"யாரு ஏத்துனது?"

"நான்தான் அத்தை, நேத்து சாயங்காலமும் இன்னைக்குக் காலையிலயும். உங்க சாமி பாட்டு எனக்குத் தெரியாது. 'மாமாவுக்கு மூச்சு நல்லா வரணும்'னு மட்டும் சொல்லிட்டு ஏத்துனேன். அது போதுமா அத்தை?"