ஏழாவது புள்ளி

சண்டைக்காலம், பிள்ளையள். கப்பலில் போய்த் திரும்பாத மகன் எழுதின கடிதமெல்லாம் இரத்தினேஸ்வரியின் மின்னஞ்சலுக்குள்தான் இருந்தது. “கடவுச்சொல்லை உடனே எழுதி அனுப்பாவிட்டால் எல்லாம் அழிந்துவிடும்” என்று ஒருநாள் அறிவித்தல் வந்தது. துறைமுக வீதி இன்டர்நெட் கடையில் இருந்து கடவுச்சொல்லைப் பதறிப் பதறி அடித்தா. திரையில் எழுத்துக்குப் பதில் புள்ளிதானே விழும். அவவின் ஆறெழுத்துக் கடவுச்சொல்லுக்கு ஏழு புள்ளி விழுந்தது. அழித்து அடித்தாலும் ஏழுதான்.

“ஒரு எழுத்தை இரண்டுதரம் அமத்திறியள், அக்கா,” என்றார் கடைக்காரர் சோமசேகரம்.

“ஆறுதரம்தான் அமத்தினனான், தம்பி.”

ஏழோடேயே அனுப்பிவிட்டா.

அந்த அறிவித்தல் கள்ளர் அனுப்பினது. நம்பி எழுதின மற்ற ஆக்களின் கணக்கெல்லாம் களவு போனது. இவவிடமிருந்து போனது ஏழெழுத்துப் பிழைச்சொல்; அதனால் இவவின் கணக்கு மட்டும் மறுநாள் ஆறு புள்ளியோடு திறந்தது.

ஏழாவது புள்ளியை அமத்தின ஆளுக்கென்று பக்கத்தில் ஒரு வெறுங்கதிரையை இழுத்துப் போட்டா. “பெரிய உபகாரம் செய்தனீங்கள், இருங்கோ.” மகனின் கடிதங்களை வாய்விட்டு வாசித்தா. சிரிப்பு வருகிற இடங்களில் கொஞ்சம் பொறுத்தா.