தசரதன் வீட்டு மோட்டார்

“மோட்டார் எரிஞ்சி போச்சும்மா. மெக்கானிக்கிட்ட சொல்லிக்கீறேன், நாலு நாள்ல வந்துடுவான்.”

ஹவுஸ் ஓனர் தசரதன் இப்படிச் சொல்லிப் பன்னிரண்டு நாள் ஆகிவிட்டது. மெக்கானிக் வரவில்லை.

சேரப்பணஞ்சேரியில் அவருடைய லைன் வீட்டில் ஆறு போர்ஷன். ஐந்தில் ஒரகடம் கம்பெனிப் பையன்கள். ஆறாவதில் நான், என் கணவர் ஜோயல், ஏழு மாதப் பாப்பா. எல்லோருக்கும் ஏரியோரத்தில் ஒரே கிணறு, ஒரே மோட்டார்.

தெருமுனைக் குழாயில் காலையில் ஒரு மணி நேரம் தண்ணீர் வரும். ஜோயல் அப்போது ஷிஃப்டில் இருப்பார். இடுப்பில் பாப்பா, கையில் குடம் என்று நான் நாலு நடை நடப்பேன்.

“கரண்ட் பில்லை மிச்சம் புடிக்காருக்கா,” என்றான் பக்கத்து போர்ஷன் உச்சிமாகாளி. திருநெல்வேலிப் பையன், கம்பெனியில் எலக்ட்ரீஷியன். “மோட்டார் எரிஞ்சா தெருவுக்கே வாடை அடிக்கும்லா. இங்க ஒண்ணையும் காணோமே.”

“நீயே ஒரு தடவை பாரேன்.”

“அவரு வயலுக்குப் போயிட்டாருல்லா. வாங்க, பாத்துருவோம்.”

ஞாயிற்றுக்கிழமை. மோட்டார் ரூமுக்குக் கதவு உண்டு, பூட்டு கிடையாது. பெட்டியைத் திறந்தவன் சிரிக்க ஆரம்பித்தான்.

“மோட்டார் புதுமாப்பிள்ளை கணக்கா இருக்கு. ஃபியூஸை மட்டும் உருவிட்டுப் போயிருக்காரு மனுசன்.”

பன்னிரண்டு நாள் சுமந்த குடமெல்லாம் மொத்தமாக என் தலைக்கு ஏறியது.

“உன்கிட்ட வேற ஃபியூஸ் இருக்கா?”

“எலக்ட்ரீஷியன்ட்ட கேக்கற கேள்வியாக்கா இது?”

போட்டான். மோட்டார் உறுமியது. குழாய் இரண்டு முறை தும்மிவிட்டுக் கொட்டியது. வாளியை நிரப்பி, வாசலில் மனை போட்டு, பாப்பாவைக் காலில் கிடத்திக்கொண்டேன். ஒரு மக் மொண்டுவிட்டேன்.

மோட்டார் சத்தம் கேட்டு, சேற்றுக் காலோடு தசரதன் வயலிலிருந்து ஓடி வந்தார். வந்த வேகத்தில் மக்கைத் தட்டிவிட்டு, வாளியை ஒரே உதை. வாளி உருண்டது. பாப்பா வீறிட்டது.

“குழந்தை குளிக்கிற தண்ணிய எட்டி உதைக்கிறீங்களே, நீங்கல்லாம் ஒரு...”

நான் படித்த கான்வென்டில் திட்டுவதற்குக் கற்றுத்தரவில்லை. வாக்கியம் பாதியில் நின்றது.

உச்சிமாகாளி முடித்து வைத்தான். “மனுசந்தானா அண்ணாச்சி நீரு?”

“கொயந்த வாய்ல பட்டுச்சா? முதல்ல அத்த சொல்லு.” தசரதனுக்கு மூச்சு வாங்கியது.

“படலை. ஏன்?”

அவர் ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“போன மாசம் எங்க பசு செத்துச்சே, இன்னான்னு சொன்னேன்?”

“பாம்பு கடிச்சிதுன்னு.”

“பாம்பும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஏரியில தண்ணி குடிச்சிது. மாட்டு டாக்டரு அப்பால நேர்ல வந்து ஏரியப் பாத்தாரு. பச்சையா படர்ந்து கீதே, அது விஷப் பாசியாம். அந்தத் தண்ணிதான இந்தக் கெணத்துலயும் ஊறுது? அவரு சொன்ன அன்னிக்கே ஃபியூஸப் புடுங்கிட்டேன்.”

பாப்பாவை வாரி எடுத்துக்கொண்டேன். “நான் எப்பவும் கொதிக்க வெச்சுத்தானே குடுத்தேன்?”

“கொதிக்க வெச்சாலும் அந்த விஷம் போவாதாம்மா.”

“அப்ப அதுக்கு முன்னாடி குடிச்சது?”

“நானுந்தான் குடிச்சேன், என் பொண்டாட்டியுந்தான் குடிச்சா. யாருக்கும் ஒண்ணும் ஆவல. பாட்டில்ல புடிச்சி டெஸ்ட்டுக்குக் குடுத்துக்கீறேன். ரிசல்ட் வர்ற வரைக்கும் ஒரு சொட்டு தொடக்கூடாது. தெருக்குழாயில வர்றது ஆழ்போர்த் தண்ணி, அது நல்லது.”

பாப்பாவின் நாக்கு, கண், நகம் எல்லாவற்றையும் பார்த்தேன். அது என் மூக்கைப் பிடித்து இழுத்தது.

“திடீர்னு எப்படி அண்ணாச்சி இம்புட்டுப் பாசி?” என்றான் உச்சிமாகாளி.

தசரதன் சேற்றுக் காலைச் சுரண்டினார். “நான்தாம்பா. மண்ணப் பரிசோதனை பண்ணி அட்டை குடுத்தாங்க. மணிச்சத்து, அதாம்பா பாஸ்பரஸு, ஏற்கெனவே ஏகத்துக்கும் கீது, டி.ஏ.பி. உரம் போடாதன்னு எழுதியிருந்துச்சி. நான் கேக்கல. மழை வரப்போவுது, மழையோட எறங்கட்டும்னு நாலு மூட்டை வீசினேன். எங்க எறங்குது? மண்ணோட சேத்து அடிச்சிக்கினு ஏரிக்குப் போச்சி. பயிரு தின்ன வேண்டியத பாசி தின்னுச்சி. ஊர்ல எல்லாருந்தான் வீசறாங்க. ஆனா ஏரிக்கு நேர் மேல கீறது என் நெலம்.”

“இத முதல்லயே சொல்லியிருக்கலாம்ல சார்?” என்றேன்.

“வெக்கமா இருந்துச்சிம்மா. வாய் வரல.”

உச்சிமாகாளிக்கு இன்னும் ஆறவில்லை. “மறைக்கணும்னா சுலபமா ஒண்ணு இருந்துச்சே அண்ணாச்சி. ஏரி நுரைச்சாலும் கம்பெனி, மீன் செத்தாலும் கம்பெனின்னுதானே இங்க பேச்சு? கம்பெனிக் கழிவுன்னு ஒரு வார்த்தை விட்டிருந்தா ஊரே நம்பியிருக்கும். மாட்டுக்கு நஷ்டஈடுகூட கெடச்சிருக்கும்.”

தசரதன் கொடியைப் பார்த்தார். ஐந்து போர்ஷன் யூனிஃபார்மும், கூடவே ஜோயலுடையதும் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன.

“பழிய எவன் மேலயாவது போட்டுத்தான் ஆவணும்னா மோட்டார் மேல போடலாம்பா,” என்றார். “அதுக்கு இன்னா, வூட்ல புள்ளகுட்டியா கீது?”